'ஆர்' 'ஆர்' என்று ஒரு வாழ்த்து மடல்

அப்போது நான் வேலை பார்த்த ஆபீஸில் ஹெட்கிளார்க் ரிடையர் ஆனார். வாழ்த்து மடல் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. 'பத்திரிகைக்கு எழுதறவன்தானே!' என்றார்கள். நான் படித்தது பி.காம். பற்று, வரவு தெரியும். யாப்பு? ஊஹூம்! ஆனாலும், வேலை கற்றுக் கொடுத்த மனிதர். ராத்திரி உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

'நேரத்தில் ஆபீசு வருவார்
எல்லார்க்கும் வணக்கம் சொல்வார்
ஒழுங்காய்க் கணக்கைப் பார்ப்பார்
மாலையில் வீடு போவார்'

ரகசியமாக வைத்திருக்க வேண்டிய விஷயம்தான். என்ன செய்வது, ஆபீஸில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் அவர்! அவரிடமே நீட்டினேன்.

"இதுல பாட்டு எங்கே தம்பி இருக்கு?"

"கடைசியில பாருங்க ஸார். எல்லாம் 'ஆர்', 'ஆர்'னு முடியுது..."

"மரியாதையா நாலு வாக்கியம் பேசினா அது தானா வரும்ப்பா. நம்ம பியூனைக் கேளு. 'மேனேஜர் வந்தார், திட்டினார், போனார்'னுவான். அவனும் கவிஞனா?"

அன்றைக்குத்தான் புரிந்தது. இப்படிக் கடைசியில் ஒத்துப் போவதற்குப் பெயர் இயைபு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். ஆன், ஆள், ஆர் என்று வால் முளைத்திருக்கும். அதனால் வால் ஒத்துப் போவது ரொம்ப மலிவு. நம் ஆட்கள் பரீட்சையைத் தலைப் பக்கம் வைத்தார்கள். அடிகளின் முதல் எழுத்து ஒத்தால் மோனை; இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை. எதுகைக்கு ஒரு கண்டிஷன் உண்டு. முதல் எழுத்து குறிலென்றால் அங்கேயும் குறில், நெடிலென்றால் நெடில். பட்டுக்குக் கட்டு சரி, பாட்டு ஆகாது. மோனையில் கொஞ்சம் தாராளம். 'ச'வுக்குத் 'த' உறவு, 'ம'வுக்கு 'வ' உறவு. 'சாப்பாடு தயார்' என்ற ஓட்டல் போர்டில்கூட மோனை இருக்கிறது, போங்கள்! இந்த எதுகையை வைத்துக்கொண்டு கம்பர் பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு எழுதியிருக்கிறார்.

அப்படியானால் சினிமாப் பாட்டு? அங்கே பெரும்பாலும் மெட்டு முதலில் வந்துவிடும். மெட்டு வரிக் கடைசியில் இழுத்து நிற்கும். காதும் அங்கேதான் காத்திருக்கும். அதனால் இயைபுக்கு அங்கே ஏக மவுசு. அதிலும் விகுதியை வைத்து ஒப்பேற்றுகிறவர் உண்டு. 'கடல் - மடல்' என்று முழுச் சொல்லாகத் தேடிப் பிடிக்கிறவரும் உண்டு. இரண்டாமவர் உழைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஹெட்கிளார்க் பென்சிலை எடுத்தார். வணக்கத்தையும் கணக்கையும் அம்புக்குறி போட்டு வரிகளின் முதலுக்கு இழுத்தார். 'வணக்கம் எல்லார்க்கும் சொல்வார், கணக்கை ஒழுங்காய்ப் பார்ப்பார்.' அட, எதுகை என் சரக்கிலேயே இருந்திருக்கிறது! 'நேரத்தில்' என்பதை அடித்து, 'காலையில்' என்று எழுதினார்.

"காலைக்கு மாலை. சரியா வந்துடுச்சு ஸார்!"

"எதுகை சரி. விஷயம் பொய். நான் என்னிக்குய்யா மாலையில வீட்டுக்குப் போனேன்?"

நிஜம்தான். ராத்திரி எட்டு மணிக்குப் பீரோவைப் பூட்டுகிறவர் அவர். எதுகைக்காக அதை மாற்ற மனிதர் சம்மதிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். அப்புறம் கடைசி வரியை அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்:

'மாலை போட்டால்தான் போவார்.'