ஜீன் ஜாதகம் இல்லை

ஒரு கல்யாண வீட்டில் உறவுக்கார மாமா ஒருவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார்: “தம்பி, நீதான் இதெல்லாம் படிக்கிறியே. என் தம்பிக்கு மனச்சிதைவு. அது ஜீன்லயே இருக்காம். என் பொண்ணுக்கும் வருமா?” பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம்.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எஞ்சினியர். படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமலே சிலர் பிறக்கிறார்கள். இதை 22க்யூ11 குறைபாடு என்கிறார்கள். மனச்சிதைவுக்கு இதைவிடப் பெரிய மரபணுக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம். அப்படியும் அவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் மனநோய் வருகிறது. மற்ற மூவருக்கு ஏன் வரவில்லை?

எங்கள் மணப்பாறை முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாவை வேறு ஊரில் பிசைந்தால் இந்த ருசி வராது, தண்ணீர்தான் காரணம் என்பார்கள். ஜீன் என்பது மாவின் அளவு மாதிரி. சட்டியில் என்ன நடக்கிறது என்று தனியாகப் பார்க்கணும்.

அதற்கு எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி இருக்கிறது. நாம் ஸ்கேன் எடுக்கும் அதே எம்.ஆர்.ஐ. மெஷின்தான், ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. படத்துக்குப் பதிலாக, மூளையின் ஒரு சிறு பகுதியில் எந்த ரசாயனம் எவ்வளவு என்று வரைகோடாகக் காட்டும். 2011-ல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு, இந்தக் குறைபாடு உள்ளவர்களிலேயே மனச்சிதைவு வந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் பகுதியில் குளூட்டமேட் அதிகம் என்று கண்டது. குறைபாடு ஒன்றுதான், ரசாயனம் வேறு.

நம் பக்கத்திலும் ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. சென்னை ஸ்கார்ஃப் நிறுவனமும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து சுமார் 3,000 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டன. சிக்கியது என்ஏபிஆர்டி1 ஜீன். நியாசினை, அதாவது வைட்டமின் பி3-ஐ, செல்லுக்குச் சக்தி தரும் என்ஏடி ஆக மாற்றும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. என்ஏடி-யையும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் அளக்கலாம். அமெரிக்காவில் 2017-ல் அளந்தபோது, மனச்சிதைவு உள்ளவர்களிடம் அதன் சமநிலை மாறியிருந்தது.

உடனே பி3 மாத்திரை வாங்கிடாதீங்க. இது துப்புதான், மருந்துச் சீட்டு இல்லை.

மாமாவிடம் சொன்னது இதுதான். பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு வரலாம். சித்தப்பாவுக்கு இருந்தால் சுமார் 4 பேருக்கு. மீதி 96 பேருக்கு வராது.

“அப்ப மறைக்க வேண்டாங்கிறியா?” என்றார்.

“மறைக்கிறதை விடுங்க மாமா, சித்தப்பாவை முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க” என்றேன்.