வீடியோ போட்டால் பாடம் முடிந்ததா?

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் ‘என்பிடெல்’ திட்டத்தைத் தொடங்கின. நல்ல பேராசிரியர்களின் பாடங்கள் வீடியோக்களாகக் குவிந்தன. பார்த்தவர்களும் ஏராளம். பார்த்தவர் கற்றாரா என்பதைச் சோதிக்கும் ஏற்பாடு 2014இல்தான் வந்தது: வாராவாரம் அசைன்மென்ட், சந்தேகம் கேட்க விவாதப் பகுதி, முடிவில் மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு.

மதிப்பெண் போடும் முறையிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எனத் தனித்தனியாகத் தேற வேண்டும். கெடு முடியும் இரவில் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் ‘ஆன்சர் கீ’யைப் பார்த்து அசைன்மென்ட்டைத் தள்ளிவிடலாம், தேர்வு மையத்தில் அந்தப் பாச்சா பலிக்காது.

2017இல் வந்த ‘ஸ்வயம்’ ஆன்லைன் பாடத் தளமும், அதில் படிப்பதற்குக் கிரெடிட் தரலாம் என்ற யுஜிசி விதியும் இத்தகைய பாடங்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தன. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை என்றிருந்த வரம்பு, 2021இல் 40 ஆனது. இனி ஆன்லைன் பாடத்தை ‘எக்ஸ்ட்ரா’ என்று ஒதுக்க முடியாது. அப்படியானால் அதை எப்படி நடத்துவது?

முதலில் நீளம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை அலசி, ஃபிலிப் குவோ குழுவினர் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களில்தான் மாணவர்கள் அதிகம் ஒன்றினார்கள். வகுப்பறையில் எடுத்த நீண்ட விரிவுரையைப் பின்னால் துண்டு போட்டால், அது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த ஈர்ப்பு வரவில்லை. முதலிலேயே சிறு பகுதிகளாகத் திட்டமிட்டுப் பேச வேண்டும். பிபிடியை வாசிப்பதைவிட, கையால் எழுதியபடி விளக்குவது எடுபட்டது.

அடுத்தது கேள்வி. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013இல் 21 நிமிடப் புள்ளியியல் பாடத்தை நான்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சிறு தேர்வு எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடக் கவனம் குறைவாகவே சிதறியது. குறிப்பும் அதிகம் எடுத்தார்கள்.

ஆனால், கேள்வி எப்படிப்பட்டது என்பதில் இருக்கிறது சூட்சுமம். இரு முனையிலும் தாங்கிய ஒரு பீம்; நடுவில் சுமை. பீமை வளைக்கும் ‘பெண்டிங் மொமென்ட்’ அதிகபட்சம் எங்கே என்றால் எல்லோரும் ‘நடுவில்’ என்பார்கள். சுமையை ஓரத்தை நோக்கி நகர்த்திவிட்டுக் கேளுங்கள். மனப்பாடம் செய்தவர் அப்போதும் ‘நடுவில்’ என்பார். புரிந்தவர் ‘சுமைக்கு நேர் கீழே’ என்பார். ‘பீம் அதிகமாகத் தொய்வதும் அங்கேதானா?’ என்று கேட்டால் அவரும் யோசிப்பார். அந்த இடம், சுமைக்கும் நடுப்புள்ளிக்கும் இடையில் இருக்கிறது. இந்த மூன்று கேள்விகளும் போனில் இரண்டு நிமிட வேலை. தவறான ஒவ்வொரு விடையும் மாணவர் எங்கே சறுக்கினார் என்பதை ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கும்.

காட்டிக்கொடுத்த பிறகு யாராவது பதில் சொல்ல வேண்டுமே! வீடியோ யாருடையதாகவும் இருக்கலாம். ‘சார், எனக்கு ஏன் இப்படி வந்தது?’ என்ற கேள்விக்கு விடை சொல்ல ஓர் ஆள் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் இளநிலைப் படிப்பில், பதிவுசெய்த பாடங்களோடு நேரலையில் சந்தேகம் தீர்க்கும் வகுப்புகளும் நேரடித் தேர்வுகளும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால், ஸ்வயம் பாடத்துக்கு மாணவர்களைப் பதிவு செய்து, மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியரின் பெயரைப் போட்டதும் கடமை முடிந்தது என்று நினைக்கும் கல்லூரிகள் உண்டு. அந்த ஆசிரியருக்கோ வழக்கமான வகுப்புகளில் ஒரு மணி நேரம்கூடக் குறைந்திருக்காது.

ஆன்லைன் கற்பித்தல் மேம்பட கல்லூரி நிர்வாகம் முதலில் திருத்த வேண்டியது டைம்டேபிளை. மாணவரின் தவறைப் படித்துப் பதில் எழுதும் நேரம், வகுப்பெடுக்கும் நேரத்துக்குச் சமமாகப் பணிக்கணக்கில் ஏற வேண்டும். அதற்கு இடம் தராமல் ஸ்டுடியோவுக்கும் கேமராவுக்கும் லட்சங்களைக் கொட்டுவது வீண் செலவு.