ரிலீஸ் தேதி இல்லாத காலம்

பெரிய நடிகரின் படத்துக்கு ரிலீஸ் தேதி குறிப்பது, பல நேரம் படப்பிடிப்பு முடிவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பொங்கல், கோடை விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி என்று ஆண்டில் தோதான வாரங்கள் சிலவே. அந்தத் தேதியை நம்பித்தான் பைனான்சியர் பணம் தருகிறார், விநியோகஸ்தர் ஏரியாவுக்கு விலை பேசுகிறார், தியேட்டர்காரர் அட்வான்ஸ் கொடுக்கிறார். தொலைக்காட்சியும் ஓ.டி.டி. நிறுவனமும் அதிலிருந்து எண்ணித்தான் தங்கள் நாளைக் குறிக்கின்றன. வழக்கு, கடன், கிராபிக்ஸ் வேலை முடியாதது என ஏதோ ஒரு காரணத்தால் ஒரு படம் தள்ளிப்போவது திரையுலகில் புதிதல்ல. மற்ற படங்கள் இருந்த இடத்தில் இருக்கும். தள்ளிப்போன படம் இடைவெளி பார்த்து நுழைந்துகொள்ளும். கொரோனா காலத்தில் எல்லாப் படங்களும் ஒரே நேரத்தில் தள்ளிப்போயின. எந்த வாரத்துக்குத் தள்ளுவது என்பதைச் சொல்லத்தான் யாராலும் முடியவில்லை.

நூறாண்டுக்கு முன்பு ஸ்பானிஷ் ஃப்ளூ பரவியபோதும் தியேட்டர்கள் மூடப்பட்டன. 1918 அக்டோபரில் அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்கள் கூடிப் பேசி, புதுப்பட வெளியீட்டைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தன. அன்று ஒரு படம் பெரிய நகரத்தில் தொடங்கி, ஊர் ஊராகப் போய், மாதக்கணக்கில் ஓடித்தான் காசு சேர்க்கும். ஓர் ஊர் மூடியிருந்தால் படப்பெட்டி வேறு ஊருக்குப் போகும். இன்றைய பெரிய படத்துக்கு அந்த வசதி கிடையாது. உலகம் முழுவதும் ஒரே நாளில் வெளியாகி, முதல் பத்து நாளிலேயே வசூலின் பெரும்பகுதியை எடுத்துவிட வேண்டும். முக்கியமான ஒரு நாடு மூடியிருந்தாலே மொத்தக் கணக்கும் தப்பிவிடுகிறது.

2020-இல் நடந்தது அதுதான். ஜனவரி 25 சீனப் புத்தாண்டு. சீனத் தியேட்டர்களுக்கு ஆண்டிலேயே அதிக வசூல் தரும் வாரம் அது. அதற்கு ஓரிரு நாள் முன்னால் அங்கே தியேட்டர்கள் மூடப்பட்டன. மார்ச் 4 அன்று, ஏப்ரலில் வரவேண்டிய ஜேம்ஸ் பாண்ட் படமான 'நோ டைம் டு டை' நவம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தியேட்டர்கள் அன்று திறந்தேதான் இருந்தன. ஆனால் பாண்ட் படங்களின் வசூலில் பெரும்பங்கு அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வருவது. ஆசியா மூடியிருக்க, ஐரோப்பாவில் தொற்று ஏறிக்கொண்டிருக்க, உள்நாட்டுத் தியேட்டரை மட்டும் நம்பிப் படத்தை இறக்கத் தயாரிப்பாளர்களுக்குத் துணிவில்லை. அடுத்த வாரமே 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' வரிசையின் ஒன்பதாம் படம் ஏறக்குறைய ஓராண்டு தள்ளி, 2021 ஏப்ரல் 2-க்குப் போனது. பின்னர் பாண்ட் படமே அதே ஏப்ரல் 2-க்கு வந்து உட்கார, இது மே மாதத்துக்கு நகர்ந்தது. இரண்டுமே அந்தத் தேதிகளில் வரவில்லை. பாண்ட் படம் திரையைத் தொட்டபோது 2021 செப்டம்பர் முடியப்போகிறது.

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 17 முதல் தியேட்டர்கள் மூடப்பட்டன. விஜய் நடித்து, லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'மாஸ்டர்' ஏப்ரல் 9 அன்று வருவதாக இருந்தது. சூர்யாவின் 'சூரரைப் போற்று', தனுஷின் 'ஜகமே தந்திரம்' ஆகியவையும் அதே கோடையைக் குறிவைத்துக் காத்திருந்தவை. முடிந்த படம் பெட்டியில் கிடந்தால் வட்டி நிற்காது. சினிமாக் கடன் பெரும்பாலும் வங்கியில் வாங்கியதல்ல, மாத வட்டிக்கு வாங்கியது. அதோடு, விளம்பரத்துக்குச் செலவிட்ட பணமும் வீணாகும். ஒருமுறை கிளப்பிய பரபரப்பை எட்டு மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து கிளப்ப வேண்டும்.

சின்னப் படங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. ஜோதிகா நடித்த 'பொன்மகள் வந்தாள்' மே 29 அன்று நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. இந்த முடிவு ஏப்ரலில் தெரிந்ததுமே தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தார்கள். அதைத் தயாரித்த சூர்யாவின் 2டி நிறுவனப் படங்களை இனித் திரையிட மாட்டோம் என்று எச்சரித்தார்கள். மிரட்டல் பலிக்கவில்லை. ஆகஸ்டில் 'சூரரைப் போற்று' படமும் பிரைமுக்குப் போவது அறிவிக்கப்பட்டது. நவம்பர் 12 அன்று, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, வீட்டுத் திரைகளுக்கு வந்தது. பெரிய நடிகரின் படம் தியேட்டரை விட்டுப் போனது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. தியேட்டர்காரர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பூட்டிய கதவைக் காட்டி, கடன்காரரைக் காத்திருக்கச் சொல்லத் தயாரிப்பாளரால் முடியாது.

ஓ.டி.டி. கொடுக்கும் தொகை நிலையானது. நடுத்தரப் படத்துக்கு அது முதலையும் ஓரளவு லாபத்தையும் உறுதிப்படுத்தும். உச்ச நட்சத்திரப் படத்துக்கு அது போதாது. முதல் நாள் முதல் காட்சிக் கூட்டம், கேரளா, கர்நாடகா, மலேசியா, வளைகுடா உரிமைகள் எல்லாம் சேர்ந்துதான் அதன் முதலை மீட்கும். அதனால் நடுத்தரப் படங்கள் ஒவ்வொன்றாக ஓ.டி.டி.க்கு நகர, பெரிய படங்கள் தியேட்டர் திறப்புக்காகக் காத்துக் கிடந்தன.

மூடிய தியேட்டருக்கும் செலவு ஓயவில்லை. காட்சி ஓடாவிட்டாலும் உயர் அழுத்த மின் இணைப்புக்கு நிலைக் கட்டணம் உண்டு, சொத்து வரி உண்டு, காவலாளிக்குச் சம்பளம் உண்டு. டிஜிட்டல் புரொஜெக்டரையும் ஏ.சி.யையும் அவ்வப்போது ஓட்டிப் பார்க்காவிட்டால் பழுதாகிவிடும். வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் படம் ஓட்டிய தியேட்டர்களும் உண்டு. இருக்கைகளை எலியிடமிருந்து காப்பது தனிப்பாடு. வருமானத்தில் டிக்கெட் ஒரு பங்குதான். கேண்டீன், வாகன நிறுத்தம், இடைவேளை விளம்பரம் எல்லாம் கூட்டத்தைச் சார்ந்தவை. அந்த ஆண்டில் சில தியேட்டர்கள் இனித் திறப்பதில்லை என்று முடிவெடுத்தன. சென்னையில் தண்டையார்பேட்டை அகஸ்தியாவும் வடபழனி ஏ.வி.எம். ராஜேஸ்வரியும் அப்படிப் போனவை.

கதவு திறந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. 2020 நவம்பர் 10 முதல் பாதி இருக்கைகளோடு தியேட்டர்களைத் திறக்கத் தமிழக அரசு அனுமதித்தது. திறந்த தியேட்டருக்குப் படமில்லை. டிஜிட்டல் திரையிடலுக்குத் தயாரிப்பாளர்கள் செலுத்தும் வி.பி.எஃப். கட்டணத்தை யார் ஏற்பது என்ற பழைய தகராறு அந்த வாரத்தில் மறுபடி வெடித்தது. தற்காலிகச் சலுகை கிடைத்து தீபாவளிக்கு 'பிஸ்கோத்', 'இரண்டாம் குத்து' போன்ற படங்கள் வந்தன. ஏற்கெனவே ஓடிய படங்களைப் போட்டு நாளை ஓட்டினார்கள். பெரிய படம் வந்தால் ரசிகர் வருவார் என்பது தியேட்டர்காரரின் வாதம். ரசிகர் வருவது தெரிந்தால் படத்தைத் தருகிறேன் என்பது தயாரிப்பாளரின் வாதம். முதலில் இறங்குபவர்தான் நட்டத்தைச் சுமக்க வேண்டும்.

ஹாலிவுட்டில் அப்படி முதலில் இறங்கிய படம் கிறிஸ்டோபர் நோலனின் 'டெனட்'. ஏறக்குறைய 20 கோடி டாலர் செலவில் எடுத்த அந்தப் படம் மும்முறை தள்ளிப்போய், 2020 ஆகஸ்ட் கடைசியில் பல நாடுகளிலும் செப்டம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் வெளியானது. நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் மூடியே இருந்தன. உலகம் முழுக்க 36 கோடி டாலர் அளவுக்கு வசூல் வந்தது. அமெரிக்காவில் 6 கோடியைக்கூடத் தொடவில்லை. வசூலில் தியேட்டரின் பங்கைக் கழித்தால் முதலுக்கே மோசம். மற்ற நிறுவனங்கள் இதைப் பார்த்துப் பின்வாங்கின. அக்டோபர் தொடக்கத்தில் பாண்ட் படம் இரண்டாம் முறையாகத் தள்ளிப்போனதும், சினிவேர்ல்டு நிறுவனம் அமெரிக்காவில் 536, பிரிட்டனில் 127 என்று தன் தியேட்டர்களை மறுபடி மூடியது. சுமார் 45,000 பேரின் வேலை அதில் தொங்கியது. மற்ற தியேட்டர்கள் திறந்திருக்கையில் இவை படமில்லாமல் மூடப்பட்டன.

தமிழ்நாட்டில் அந்தச் சுமையை ஏற்றது 'மாஸ்டர்'. ஓ.டி.டி. நிறுவனங்கள் கேட்டும் படத்தைத் தியேட்டருக்கென்று வைத்திருந்து, 2021 பொங்கலுக்கு, ஜனவரி 13 அன்று வெளியிடுவதென முடிவானது. ஜனவரி 4 அன்று தமிழக அரசு முழு இருக்கைகளுக்கும் அனுமதி கொடுத்தது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், மத்திய அரசு ஆட்சேபித்தது. நான்கே நாளில் மறுபடி பாதி இருக்கை என்றானது. வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால் படத்தின் காட்சிகள் இணையத்தில் கசிந்தன. இத்தனைக்கும் பிறகு பாதி இருக்கையிலேயே படம் பெரிய வெற்றி பெற்றது. பத்து மாதமாக மூடிக்கிடந்த கேரளத் தியேட்டர்கள் அதே நாளில் இந்தத் தமிழ்ப் படத்தோடுதான் திறந்தன. தியேட்டரின் காலம் முடிந்துவிட்டது என்று அதுவரை எழுதியவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். ஆனால் வெளியான பதினாறாம் நாளே, ஜனவரி 29 அன்று, 'மாஸ்டர்' பிரைமில் வந்துவிட்டது. பல ஊர்களில் படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

மீட்சி மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. மாரி செல்வராஜ் இயக்கத்தில் தனுஷ் நடித்த 'கர்ணன்' 2021 ஏப்ரல் 9 அன்று வெளியானது. மறுநாளிலிருந்து மறுபடி பாதி இருக்கை மட்டுமே. ஏப்ரல் 26 முதல் தியேட்டர்கள் மறுபடி அடைக்கப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்றுதான் திறந்தன. 'ஜகமே தந்திரம்' ஜூனில் நெட்ஃபிளிக்ஸிலும், 'சார்பட்டா பரம்பரை' ஜூலையில் பிரைமிலும் வந்தன. 'சார்பட்டா'வின் குத்துச்சண்டைக் களத்தைப் பெரிய திரையில் பார்க்கக் கிடைக்காதது ரசிகர்களுக்கு இன்றும் ஒரு குறை. அக்டோபரில் பாதி இருக்கையோடு வந்த 'டாக்டர்' கூட்டத்தை மறுபடி கூட்டியது. நவம்பர் 1 முதல் முழு இருக்கைக்கு அனுமதி வந்து, 4-ஆம் தேதி தீபாவளிக்கு 'அண்ணாத்த' இறங்கியது. அதே நாளில் வருவதாக இருந்த 'மாநாடு' மூன்று வாரம் ஒதுங்கி நின்று வென்றது.

தேதிகளின் அலைச்சலுக்கு 'ஆர்.ஆர்.ஆர்.' போல ஒரு சான்று கிடைப்பது அரிது. 2020 ஜூலை 30 என்று முதலில் சொன்ன ராஜமௌலியின் படம், 2021 ஜனவரி 8-க்கும், பிறகு அக்டோபர் 13-க்கும், பிறகு 2022 ஜனவரி 7-க்கும் நகர்ந்தது. நாடெங்கும் விளம்பரச் சுற்று போய்வந்த பிறகு ஒமிக்ரான் அலை எழுந்தது. புத்தாண்டு நாளில் படம் மறுபடி நின்றது. தெலுங்கு மாநிலங்கள் திறந்திருந்தாலும் டெல்லி மூடியிருந்தது. தமிழ்நாட்டில் பாதி இருக்கைதான். பல மொழிகளில் ஒரே நாளில் வரும் படத்துக்கு, மிகவும் மூடிய மாநிலம் எதுவோ அதுவே தேதியைத் தீர்மானித்தது. தயாரிப்பாளர்கள் மார்ச் 18 அல்லது ஏப்ரல் 28 என்று இரண்டு தேதியை ஒன்றாக அறிவித்தார்கள். இரண்டும் இல்லாமல் மார்ச் 25 அன்று படம் வெளியானது.

அஜித்தின் 'வலிமை' 2022 பொங்கலிலிருந்து கடைசி வாரத்தில் விலகியது. காலியான பண்டிகையில் 'நாய் சேகர்', 'கொம்பு வச்ச சிங்கம்டா' போன்ற சிறிய படங்களுக்குத் தியேட்டர்கள் தாராளமாகக் கிடைத்தன. சாதாரண பொங்கலில் நினைத்தும் பார்க்க முடியாத இடம். அதன் மறுபக்கம் அடுத்த மாதங்களில் வந்தது. 'வலிமை' பிப்ரவரி 24, 'எதற்கும் துணிந்தவன்' மார்ச் 10, 'ராதே ஷ்யாம்' மார்ச் 11, 'ஆர்.ஆர்.ஆர்.' மார்ச் 25, 'பீஸ்ட்' ஏப்ரல் 13, 'கே.ஜி.எஃப்.' இரண்டாம் பாகம் ஏப்ரல் 14. தேங்கியிருந்த பெரிய படங்கள் ஏழு வாரத்துக்குள் கொட்டியபோது, நடுவில் மாட்டிய சின்னப் படங்களுக்குக் காலைக் காட்சிகூடக் கிடைப்பது பாடாக இருந்தது.

எல்லாருக்கும் தள்ளிப்போட்டது நட்டமாக முடியவில்லை. 2020 ஜூனில் வரவேண்டிய 'டாப் கன்: மேவரிக்', டாம் குரூஸ் படத்தை ஓ.டி.டி.க்குத் தர மறுத்ததால் 2022 மே வரை காத்திருந்து, உலகம் முழுதும் 140 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. ஆனால் இரண்டாண்டு வட்டியைத் தாங்கும் பலம் பாராமவுண்ட் போன்ற நிறுவனத்துக்கு உண்டு. கோடம்பாக்கத்தில் ஒற்றைப் படத்தை நம்பி வீட்டை அடகு வைப்பவருக்கு இல்லை.

பெருந்தொற்று விட்டுப்போன நிலையான மாற்றம், தியேட்டருக்கும் வீட்டுத் திரைக்கும் இடையிலான கால இடைவெளி சுருங்கியதுதான். அமெரிக்காவில் அது முன்பு ஏறக்குறைய 75 முதல் 90 நாள். 2020 ஏப்ரலில் 'டிரோல்ஸ் வேர்ல்டு டூர்' படத்தை யுனிவர்சல் நேரடியாக வீடுகளுக்கு விற்றதும், அதன் படங்களை இனித் திரையிடுவதில்லை என்று ஏ.எம்.சி. தியேட்டர்கள் அறிவித்தன. ஜூலையில் அதே இரு தரப்பும் உட்கார்ந்து பேசி 17 நாளுக்கு இறங்கிவந்தன. அந்த டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ், 2021-இன் தன் படங்கள் அனைத்தும் அமெரிக்காவில் தியேட்டரிலும் எச்.பி.ஓ. மேக்ஸிலும் ஒரே நாளில் வரும் என்று அறிவித்துப் பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்தது. அந்தப் பரிசோதனை ஓராண்டோடு முடிந்தது.

இந்தியாவில் இது இரண்டு விதமாக நிலைபெற்றது. இந்திப் படங்களுக்கு எட்டு வாரம் கழித்தே ஓ.டி.டி. என்பதில் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் உறுதியாக நிற்கின்றன. தமிழில் நான்கு வாரம் வழக்கமாகிவிட்டது. ஆகவே தமிழ்ப் படத்தின் இந்திப் பதிப்பு வடக்கே போகும்போது இந்த விதி குறுக்கே நிற்கிறது. 2023 அக்டோபரில் 'லியோ' வந்தபோது, நான்கு வாரத்தில் நெட்ஃபிளிக்ஸுக்குத் தர ஒப்புக்கொண்டிருந்த காரணத்தால், அதன் இந்திப் பதிப்பை நாடு தழுவிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் திரையிடவில்லை. வடமாநிலங்களில் ஒற்றைத் திரை அரங்குகளையே அது நம்ப வேண்டியிருந்தது.