பதின்மூன்றா, முப்பதா?

 

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பல மாநிலத்தவரும் பணிபுரிகின்றனர். அவர்களிடம் மார்க்கம் பேச நம் இளைஞர்கள் ஆங்கிலத்தையே நாட வேண்டியுள்ளது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அத்தகைய சிறு கூட்டமொன்றில் உரையாற்றினார். ஒரு சமுதாயம் தன்னைத் திருத்திக் கொள்ளாதவரை அல்லாஹ் அதன் நிலையை மாற்றுவதில்லை என்பதே அவருடைய பேச்சின் சாரம். இக்கருத்து 13:11இல் உள்ளது. அவரோ அவசரத்தில் ‘தர்ட்டி, லெவன்’ என்று கூறிவிட்டார். கேட்டவர்கள் 30:11ஐப் புரட்டினர். அங்கே படைப்பின் தொடக்கமும் மறுமையில் மீளுதலும் கூறப்பட்டிருந்தன. “நீங்கள் சொன்னது இங்கே இல்லையே!” என்ற வினாவுக்கு அவரால் விடையளிக்க இயலவில்லை.

அவர் கூறிய கருத்தில் பிழையில்லை. எண்ணை உச்சரித்ததிலேதான் பிழை. ஆனால் கேட்டவர் உள்ளத்தில் எழுந்த ஐயம் எண்ணோடு நின்றுவிடுமா?

எனவே சில ஒழுங்குகளைக் கவனியுங்கள். முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள எண் சூராவையும், பின்னுள்ளது ஆயத்தையும் குறிக்கும். புள்ளியை வாயால் சொல்ல வேண்டியதில்லை. அவ்விடத்தில் சற்று நிறுத்தினால் போதும். ஆயத்துல் குர்ஸீ 2:255 ஆகும். இதனைச் ‘சாப்டர் டூ, வெர்ஸ் டூ ஃபிஃப்டி ஃபைவ்’ எனலாம். சுருக்கமாக ‘டூ, டூ ஃபிஃப்டி ஃபைவ்’ என்பதும் சரியே. ஆனால் ஒரு ‘டூ’ விடுபட்டால் அது 2:55 ஆகிவிடும். அதுவோ மூஸா (அலை) அவர்களின் சமூகத்தார் அல்லாஹ்வை நேரில் காணக் கேட்ட செய்தி!

‘தர்ட்டீன்’ என்பதில் இறுதியை நீட்டி அழுத்துங்கள். ‘தர்ட்டி’யில் முதலை அழுத்திக் கடையைக் குறுக்குங்கள். 14:7 நன்றி செலுத்துவோருக்கு அதிகமாக வழங்குவதைப் பற்றியது. 40:7 அர்ஷைச் சுமக்கும் மலக்குகளைப் பற்றியது. 15:9 வேதம் பாதுகாக்கப்படுவதைக் கூறுகிறது. 50:9 வானிலிருந்து இறங்கும் மழையைக் கூறுகிறது.

2:183-185 என்பது நோன்பைப் பற்றிய ஆயத்துகள். ஆயத்துகள் பலவாதலால் ‘வெர்ஸஸ்’ என்று தொடங்கி, இடைக்கோட்டை ‘டு’ என்று படியுங்கள். அமெரிக்கர் அதனைத் ‘த்ரூ’ என்பர்.

வழக்கு நாட்டுக்கு நாடு மாறும். 2016 ஜனவரியில் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் பேசிய டொனால்டு டிரம்ப், பைபிளிலுள்ள இரண்டாம் கொரிந்தியரை ‘டூ கொரிந்தியன்ஸ்’ என்றார். ‘செகண்ட்’ என்று கேட்டுப் பழகிய அமெரிக்கர்கள் நகைத்தனர். பிரிட்டனிலோ ‘டூ’ என்பதும் வழக்கில் உள்ளதே. ஆகவே கேட்போர் அறிந்த முறையில் சொல்வதே நலம். நாம் சூராவின் பெயரையும் சேர்த்து, ‘சூரா அர்ரஃது, சாப்டர் தர்ட்டீன், வெர்ஸ் லெவன்’ என்று கூறினால், எண் தவறினாலும் பெயர் வழிகாட்டும்.

பெற்றோர்களே! ஓர் எழுத்தின் மக்ரஜ் பிசகாமல் ஓதத் தஜ்வீது பயிற்றுவிக்கிறோம். அந்தப் பேணுதலில் ஒரு பங்கை எண்ணுக்கும் அளிப்போம். மஃரிபுக்குப் பின் நாளொன்றுக்கு ஓர் ஆயத்தின் எண்ணைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லட்டும். மற்றொருவர் அதைக் கேட்டு முஸ்ஹஃபில் தேடி எடுக்கட்டும். தேடியவருக்கு உரிய ஆயத் கிடைத்தால், சொன்னவர் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று பொருள்.