முதலில் ஸ்பீக்கர், பிறகு அலெக்ஸா

சொன்ன பாட்டைப் போடும் குரல் உதவியாளருக்கு ஸ்பீக்கரும் அம்ப்ளிஃபயரும் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, “எத்தனை வோட்?” என்பதுதான். அதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அம்ப்ளிஃபயரின் வலுவை இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வித்தியாசம். சத்தம் இரு மடங்காயிற்று என்று உணர ஏறக்குறையப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆனால் ஒரு வோட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி அளக்கையில் 84 டெசிபல் தரும் ஸ்பீக்கரை விட்டு, 90 டெசிபல் தருவதை எடுத்தால், அம்ப்ளிஃபயரை நான்கு மடங்கு பெரிதாக்கிய பலன் கிடைக்கும். இந்த எண்ணுக்கு உணர்திறன் என்று பெயர். சிறு வலு எவ்வளவு தூரம் போகும் என்பது வட இலங்கையின் வன்னிக்குத் தெரியாததல்ல. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் இங்கே றேடியோ கேட்டார்கள். வழக்கமான சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வோட்.

வன்னியின் வட்டக்கச்சியில் ஒருவர் ஸ்பீக்கர் வாங்கும்போது வீட்டின் அமைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். போருக்குப் பின் கிளிநொச்சி மாவட்டத்தில் எழுந்த இந்திய வீட்டுத்திட்ட வீடுகள் சுமார் 550 சதுர அடி. சீமெந்துத் தரையிலும் பூசிய சுவரிலும் ஒலி பட்டுத் தெறிக்கும். சத்தத்தைக் கூட்டக் கூட்டச் சொற்கள்தான் குழம்பும். மூலையில் வைத்த பெரிய பெட்டி அடித்தொனியை மட்டும் வீங்கச் செய்யும். ஐந்து அங்குலக் கூம்புள்ள இரண்டு ஸ்பீக்கர்கள், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, பக்கத்துக்கு 20 வோட் போதும். தடித்த திரைச்சீலை ஒன்று தொங்கவிட்டால் இன்னும் தெளியும். இன்றைய டி வகுப்பு அம்ப்ளிஃபயர்களில் பல 12 வோல்ட் நேரோட்ட மின்சாரத்தில் ஓடுவதால், சோலர் பற்றரி உள்ள வீட்டில் கரண்ட் நின்றாலும் பாட்டு நிற்காது.

உதவியாளரும் ஸ்பீக்கரும் ஒன்றாகவே அடங்கிய பெட்டி வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். அதில் நியாயம் உண்டு. தான் எழுப்பும் ஒலி என்னவென்று அந்தப் பெட்டிக்குத் தெரியும். மைக்கில் விழுவதிலிருந்து அதைக் கழித்துவிட்டு உங்கள் குரலைப் பிரித்தெடுக்கும். புளூடூத் வழியே வேறு ஸ்பீக்கருக்கு அனுப்பினால் ஒலி தாமதித்து வரும், கழித்தல் பிசகும். அதனால் வயர் போடுங்கள். மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காமல் ஆட்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். அந்தச் சிறு சிரமத்தை ஏற்கச் சொல்வதற்குக் காரணம் ஆயுள். நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டு உழைக்கும், உதவியாளரும் அதோடு இணையும் கருவிகளும் அப்படியல்ல. பழைய அம்ப்ளிஃபயரோடு பொருந்தவென்றே 2015இல் கூகுள் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஓடியோ 2019இல் நிறுத்தப்பட்டது. அலெக்ஸா இயங்கும் பெட்டிகளில் 2022இல் வந்த எக்கோ டொட்டில், வெளி ஸ்பீக்கருக்கான 3.5 மில்லிமீற்றர் துளையே இல்லை. பெட்டிக்குள் பூட்டிய ஸ்பீக்கருக்கு உதவியாளரின் ஆயுள்தான் ஆயுள்.

மொழியை எண்ணினாலும் இதே முடிவுக்குத்தான் வருகிறேன். அலெக்ஸாவுக்கு 2019இல் இந்தி வந்தது; தமிழ் வரவில்லை. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் கூகுள் உதவியாளரோ தமிழில் கேட்டுத் தமிழிலேயே பதில் சொல்கிறது. ஆங்கிலம் பழகாத பாட்டிக்கு அலெக்ஸா பெட்டியைவிட, 3.5 மில்லிமீற்றர் துளையுள்ள பழைய கைத்தொலைபேசி ஒன்றை அம்ப்ளிஃபயரோடு வயரில் இணைத்துக் கையருகே வைப்பதே உதவும். நாளை இதைவிடத் தெளிவாகத் தமிழ் விளங்கும் கருவி வந்தால் தொலைபேசியை மட்டும் கழற்றி அதை மாட்டலாம். ஸ்பீக்கருக்குக் கொடுத்த காசு வீணாகாது.