ரத்தத்தில் துத்தநாகம்: ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது?

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்களில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு பக்கங்களுக்குப் பின்னால் இப்போதெல்லாம் இன்னொரு பக்கமும் சேர்ந்து வருகிறது. துத்தநாகம் (ஜிங்க்), செம்பு, செலினியம், மாங்கனீசு என்று நுண்தாதுக்களின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண், பக்கத்தில் 'இயல்பு அளவு'. கொரோனா காலத்தில் ஜிங்க் மாத்திரை வீட்டுக்கு வீடு வந்த பிறகு அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்ப்பவர்களும் கூடிவிட்டார்கள். 'சீரம் ஜிங்க் 62' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தால் அன்று மாலையே மருந்துக்கடைக்குப் போய்விடுகிறோம். போவதற்கு முன்னால் அந்த 62 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 2 முதல் 3 கிராம் துத்தநாகம் இருக்கிறது. ஏறத்தாழ 60 சதவீதம் தசையில், 30 சதவீதம் எலும்பில். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் (ரிப்போர்ட்டில் வரும் 'சீரம்' என்பதும் ஏறத்தாழ இதுதான்) ஓடுவது சுமார் 3 மில்லிகிராம். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆய்வகம் அளப்பது அந்த ஒரு பங்கை மட்டும்தான். பேருந்து நிலையத்தில் நிற்பவர்களை எண்ணி ஊரின் மக்கள்தொகையைச் சொல்லப் பார்க்கிற வேலை இது. காலை எட்டு மணிக்கு ஒரு கணக்கு வரும், மதியம் மூன்று மணிக்கு வேறு கணக்கு வரும்.

இரும்புக்காவது ஃபெரிட்டின் என்ற சேமிப்புப் புரதம் இருக்கிறது. அதை அளந்தால் கையிருப்பு ஓரளவு தெரியும். துத்தநாகத்துக்கு அப்படியொரு கிடங்கு கிடையாது. உணவில் வரத்து குறைந்தால் உடல் முதலில் செலவைக் குறைக்கிறது: குடல் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் வெளியேறுவதை இறுக்கிப் பிடிக்கிறது. குழந்தையாக இருந்தால் வளர்ச்சியையே தாமதப்படுத்துகிறது. இவ்வளவும் செய்து பிளாஸ்மா அளவைக் கீழே விடாமல் காப்பாற்றப் பார்க்கிறது. அதனால் வயதுக்கேற்ற உயரமில்லாத ஒரு குழந்தைக்கு ரத்த எண் 'நார்மல்' என்று வருவதும் உண்டு.

இனி அந்த 62-க்கு வருவோம். துத்தநாக ஊட்டம் பற்றிய சர்வதேச ஆலோசனைக் குழு வகுத்த வரம்புகளில் நேரத்துக்குத் தனி இடம் இருக்கிறது. பெண்களுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தால் டெசிலிட்டருக்கு 70 மைக்ரோகிராம், காலையில் சாப்பிட்ட பிறகு என்றால் 66, பிற்பகலில் 59. இவற்றுக்குக் கீழே இருந்தால்தான் குறைவு. ஆக, காலை ஏழரைக்கு வெறும் வயிற்றில் எடுத்த 62 குறைவு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்த அதே 62 குறைவில்லை. நாம் கையில் வாங்கும் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு வரம்புதான் அச்சாகி இருக்கிறது. ரத்தம் எடுத்த நேரத்தையும், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் நாமே குறித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. (சில ஆய்வகங்கள் மைக்ரோமோல் கணக்கில் தரும், அதில் 9.5 என்று வந்தாலும் இதே 62தான்.)

நேரத்தைவிடப் பெரிய குழப்பம் காய்ச்சல். உடலில் எங்கே அழற்சி கிளம்பினாலும் கல்லீரல் ரத்தத்திலிருந்து துத்தநாகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில மணி நேரத்திலேயே பிளாஸ்மா அளவு இறங்கிவிடும். உடலைவிட்டு ஒன்றும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரும்பும் செலினியமும் அப்போது இறங்கும். செம்பும் ஃபெரிட்டினும் ஏறும். பல்லில் சீழ், சளிக் காய்ச்சல், சமீபத்திய அறுவை சிகிச்சை என எதுவாக இருந்தாலும் நுண்தாதுப் பக்கம் முழுவதையும் அது கலைத்துப் போட்டுவிடும். இதைக் கண்டுகொள்ள சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனையைக் கூடவே செய்ய வேண்டும். ஆல்புமினையும் பார்க்க வேண்டும். பிளாஸ்மா துத்தநாகத்தில் பெரும்பங்கு ஆல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கிறது. புரதம் குறைந்தால் துத்தநாகமும் குறைந்ததாகத் தெரியும். சி.ஆர்.பி.யும் ஆல்புமினும் இல்லாமல் துத்தநாகத்தை மட்டும் தனியாக அளப்பது, என் கருத்தில், பாதிப் பரிசோதனை.

அடுத்து, ரத்தத்தைப் பிடிக்கும் அந்தச் சின்னக் குழாய். சாதாரண ரத்தக் குழாயின் ரப்பர் மூடியைத் தயாரிக்கும்போது துத்தநாகச் சேர்மங்கள் பயன்படுகின்றன. குழாய் சாய்ந்து ரத்தம் மூடியில் பட்டால் மூடியின் துத்தநாகம் ரத்தத்தில் கரைகிறது. நாம் தேடுவதோ நூறு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவு. அந்த இடத்தில் இந்தக் கலப்படம் பெரிய விஷயம். அதனால்தான் நுண்தாதுப் பரிசோதனைக்கென்று அடர்நீல மூடியுடன் தனிக் குழாய் வைத்திருக்கிறார்கள். மாங்கனீசு, குரோமியம் பார்க்கும்போது ஊசியின் எஃகே அவற்றைக் கொஞ்சம் விட்டுவிடுகிறது. ஆகவே முதலில் வரும் சில மில்லிலிட்டர் ரத்தத்தை வேறு குழாயில் வாங்கி ஒதுக்கிவிடுவார்கள்.

ரத்தம் எடுத்த பிறகும் பிழைக்கு இடமுண்டு. சிவப்பணுக்களுக்குள் பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு துத்தநாகம் அடைந்திருக்கிறது. குழாயை வேகமாகக் குலுக்கி அணுக்கள் உடைந்தாலும், சீரத்தைப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வெளியே வைத்திருந்தாலும் எண் பொய்யாக ஏறும். கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்தாலும் ஏறும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, வெயிலில் ஊர் சுற்றி, மாலையில் ஆய்வகம் போய்ச் சேரும் மாதிரியை நினைத்துப் பாருங்கள். அதில் வரும் 'நார்மல்' உண்மையான குறைபாட்டை மறைத்திருக்கலாம்.

அளக்கும் இயந்திரம் இவ்வளவு தடுமாறுவதில்லை. ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் 1955-ல் வெளியிட்ட அணு உறிஞ்சல் முறை எளிமையான, அழகான யோசனை. துத்தநாகம் பூசிய ஒரு விளக்கு, துத்தநாகத்துக்கே உரிய 213.9 நானோமீட்டர் ஒளியைத் தருகிறது. சீரத்தைத் தெளிப்பாக மாற்றி, அந்த ஒளியின் பாதையில் எரியும் சுடருக்குள் விடுகிறார்கள். சுடரில் துத்தநாக அணுக்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவு ஒளி உறிஞ்சப்படும். மறுபக்கம் ஒளி எவ்வளவு மங்கியது என்று பார்த்தால் போதும். மற்ற தாதுக்கள் அந்த ஒளியைச் சட்டை செய்வதில்லை. இப்போது பெரிய ஆய்வகங்களில் உள்ள பிளாஸ்மா நிறைமானி (இந்தப் பிளாஸ்மா ரத்தத்தினுடையது அல்ல, அயனியான வாயு) பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் வாயுவில் மாதிரியை அயனிகளாக்கி, எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. ஒரே மாதிரியில் பத்துப் பதினைந்து தாதுக்களைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். பேக்கேஜில் இந்தப் பக்கம் நுழைந்ததற்கு மருத்துவத் தேவையைவிட இந்த வசதிதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஒற்றை எண்ணை நம்பாமல் துத்தநாகக் குறைபாட்டை முதலில் நிறுவியவர் பீகாரின் பக்சாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத். 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரில் அவர் பார்த்த ஒரு நோயாளிக்கு வயது 21. தோற்றமோ பத்து வயதுச் சிறுவனுடையது. கடும் ரத்தசோகை, மண் தின்னும் பழக்கம், உணவு பெரும்பாலும் கோதுமை ரொட்டி. இரும்புக் குறைவு மட்டும் வளர்ச்சியை இப்படி நிறுத்தாது என்று பிரசாத் சந்தேகப்பட்டார். தானியத்திலுள்ள ஃபைட்டேட் இரும்போடு துத்தநாகத்தையும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னர் எகிப்தில் இதே நிலையில் இருந்தவர்களின் பிளாஸ்மா, சிவப்பணு, முடி எல்லாவற்றிலும் துத்தநாகத்தை அளந்தார். கதிரியக்கத் துத்தநாகம் கொடுத்து அது உடலில் எப்படிச் சுழல்கிறது என்றும் பார்த்தார். எல்லாம் ஒரே திசையைக் காட்டின. துத்தநாகம் கொடுத்தபோது நின்றுபோன வளர்ச்சி மீண்டும் தொடங்கியது. ஓராண்டில் ஐந்து அங்குலத்துக்கு மேல் உயர்ந்தார்கள். குறைபாட்டுக்கு இன்றும் இதைவிட உறுதியான சான்று கிடையாது: கொடுத்துப் பார், தேறுகிறதா என்று பார்.

மற்ற தாதுக்களையும் இதே கண்ணால் பார்க்க முடியாது. செம்பில் நேர்மாறான பொறி இருக்கிறது. வில்சன் நோயில் செம்பு கல்லீரலிலும் மூளையிலும் சேர்ந்து நஞ்சாகிறது. ஆனால் அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதம் குறைவதால் ரத்தத்தில் மொத்தச் செம்பு பெரும்பாலும் குறைவாகவே காட்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் செம்புச் சத்து கொடுத்தால் விபரீதம். 24 மணி நேரச் சிறுநீரில் செம்பை அளப்பதும், கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரிகிறதா என்று பார்ப்பதும்தான் அங்கே வழிகாட்டும். அயோடினையும் சிறுநீரில்தான் அளக்கிறார்கள். அது நாளுக்கு நாள் மாறுவதால் ஒரு தனி மனிதருக்கு ஒரு மாதிரி எதுவும் சொல்லாது. ஓர் ஊரின் நடு அளவு லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் என்றால் ஊருக்குப் போதிய அயோடின் கிடைக்கிறது என்று கொள்ளலாம்.

பிளாஸ்மா துத்தநாகமும் ஊருக்கு நன்றாகப் பயன்படுகிற அளவுகோல்தான். 2016–18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, இந்தியாவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 19 சதவீதத்தினருக்கும், 10 முதல் 19 வயதினரில் 32 சதவீதத்தினருக்கும் துத்தநாகம் குறைவு என்று கண்டது. ஆயிரக்கணக்கான எண்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தனித்தனி ஏற்ற இறக்கங்கள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு தினமும் 20 மில்லிகிராம் துத்தநாகம், ஆறு மாதத்துக்கு உட்பட்டதற்கு 10 மில்லிகிராம் என 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004-ல் பரிந்துரைத்தன. ரத்தப் பரிசோதனைக்காக அங்கே யாரும் காத்திருப்பதில்லை.

முடியை வெட்டி அனுப்பினால் உடலின் எல்லாத் தாதுக்களையும் சொல்கிறோம் என்ற விளம்பரங்களை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். 2001-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், ஆரோக்கியமான ஒரே நபரின் முடியைப் பிரித்து ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். பல தாதுக்களுக்கு ஆய்வகங்கள் சொன்ன அளவுகள் ஒன்றோடொன்று பெருமளவு முரண்பட்டன. ஷாம்பு, சாயம், தூசி எல்லாம் முடியில் ஏறும்.

எண் உண்மையாகவே குறைவு, சி.ஆர்.பி., ஆல்புமின் சரி, நேரமும் சரி, கூடவே முடி கொட்டுதல், ஆறாத புண், நாக்கில் சுவையின்மை, நாள்பட்ட வயிற்றுப்போக்கு ஏதாவது இருக்கிறது என்றால் மருத்துவர் மாத்திரை தருவார். எத்தனை வாரம் என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போனால் துத்தநாகம் குடலிலேயே செம்பைத் தடுத்து நிறுத்துகிறது. விளைவு ரத்தசோகை, வெள்ளையணுக் குறைவு, சிலருக்குக் கால் மரத்துப்போய் நடை தடுமாறுவது. காரணம் புரியாத ரத்தசோகை என்று வருகிறவர், தானாகவே வாங்கி விழுங்கும் ஜிங்க் மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் உடனே செம்பையும் செருலோபிளாஸ்மினையும் பார்க்கச் சொல்வார்.