நோவறியாது துயிலச் செய்வோர்

கற்பிட்டியிலோ உடப்பிலோ உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் பிள்ளையை அழைத்து, "நீ யாராக வர விரும்புகிறாய்?" என்று வினவினால், "டாக்டராக" என்ற விடை உடனே வரும். மயக்க மருந்து வைத்தியராக வேண்டுமென்று சொன்ன பிள்ளையை நாம் இன்னும் கண்டிலோம். ஆயினும் நடுநிசியில் பிரசவ வேதனையோடு ஒரு தாயைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கோ சிலாபம் ஆஸ்பத்திரிக்கோ கொண்டு ஓடும்போது, அவளுடைய உயிர் யார் கையில் இருக்கிறது? சத்திர வைத்தியர் எத்துணை வல்லவராயினும், மயக்க மருந்து வைத்தியர் வந்து சேரும்வரை அவர் கத்தியைத் தொடுவதற்கில்லை. பத்தலங்குண்டு போன்ற தீவிலிருந்து படகேறி, பின்னர் பாலாவிச் சந்தி வரை நெடும்பாதை கடந்து வருவோருக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகமன்றோ!

ஊசியை ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்பதே இவர் தொழில் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. பெரிய சத்திர சிகிச்சைகளிலே தசைகளைத் தளரச் செய்யும் மருந்து கொடுக்கப்படுவதால் நோயாளி தாமாக மூச்சுவிட இயலாது போகிறார். அப்பொழுது மூச்சுக்குழலில் ஒரு குழாயைச் செலுத்தி, இயந்திரத்தின் துணைகொண்டு அவருக்காக மூச்சுவிடுவிப்பவர் இவரே. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள பிராணவாயு ஆகியவற்றினின்றும் கண்ணை எடுக்காது காத்திருப்பார். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும்போதோ, பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மாத்திரம் மரத்துப்போகச் செய்வார்கள். தாய் விழித்திருந்து தன் மகவின் முதல் அழுகையைக் கேட்பாள். 1846 ஒக்டோபர் 16ஆந் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மோர்ட்டன் என்பார் ஈதர் ஆவியைப் பலரறிய உபயோகித்துக் காட்டியதற்கு முன்னர், நோயாளியைப் பலர் பிடித்து அமுக்கிக்கொள்ள, விரைந்து அறுப்பவரே சிறந்த சத்திர வைத்தியர் எனப் பெயர் பெற்றிருந்தார்.

இனி, இதனைக் கற்கும் வழி யாது? நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பவர் வைத்தியரே. ஐந்தாண்டு வைத்தியப் படிப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடித்த பின்னரே இத்துறையில் நுழையலாம். நிபுணராக விரும்புவோர் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் பரீட்சைகளில் தேறி, மேலும் பல ஆண்டுகள் பயிற்சி பெறல் வேண்டும். நெடிய பாதைதான். ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் உரியன; எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அம்மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. இதனைப் பெற்றோர் நினைவிற் கொள்வது நன்று. நம் மாகாணத்திலேயே குளியாப்பிட்டியில் வயம்பப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் இருக்கிறது.

வைத்தியராகாமலே இத்தொழிலில் ஈடுபடும் வழி வெளிநாடுகளில் உண்டு. இங்கிலாந்தில் 'அனஸ்தீசியா அசோசியேட்' என்போர், விஞ்ஞானப் பட்டமோ தாதி போன்ற தொழில் அனுபவமோ பெற்றபின் ஏறத்தாழ இரண்டாண்டுகள் பயின்று, நிபுண வைத்தியரின் மேற்பார்வையிலே பணிபுரிகின்றனர். 2024 டிசம்பரில் அங்குள்ள மருத்துவப் பேரவை இவர்களைத் தன் பதிவின்கீழ்க் கொண்டுவந்தது. எனினும் 2025 ஜூலையில் வெளியான ஓர் ஆய்வறிக்கை, நோயாளர் இவர்களை வைத்தியரென மயங்காதிருக்கப் பெயரையே 'அசிஸ்டன்ட்' என மாற்றுமாறு விதந்துரைத்தது. அமெரிக்காவிலே தாதியர் இப்பணியைப் பல தலைமுறைகளாகச் செய்து வருகின்றனர். ஆனால் 2025 முதல் புதிதாய்த் தேறுவோர் கலாநிதிப் பட்டம் பெற்றிருக்க வேண்டும்.

இலங்கையிலோ அத்தகைய பதவி இல்லை. அச்சான்றிதழோடு ஊர் திரும்பும் பிள்ளைக்கு இங்கே நாற்காலி கிடையாது. படகை ஈடுவைத்தும் தென்னந்தோட்டத்தை விற்றும் கட்டணம் செலுத்த எண்ணும் தந்தைமார் இதனை முதலில் விசாரித்தறிதல் வேண்டும். வேலை தருவதாகச் சொல்லும் முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உடையவரா என்பதையும் கேட்பதில் வெட்கமில்லை. எம்மைக் கேட்டால், வைத்திய பீடம் கிட்டாத பிள்ளைக்கு அரசாங்கத் தாதியர் கல்லூரியின் மூன்றாண்டுப் பயிற்சியே மேலென்போம். பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. சத்திர சிகிச்சைக் கூடத்திலும் பணிபுரியலாம். வெளிநாட்டுக் கதவும் அடைபடாது.

இறுதியாக வீட்டிலுள்ள தாய்மாருக்கு ஒரு வார்த்தை. சத்திர சிகிச்சைக்கு முன்னே ஆறு மணி நேரம் உணவும், இரண்டு மணி நேரம் தண்ணீரும் பொதுவாக விலக்கப்படும். மயங்கிய நிலையில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து சுவாசப்பையிற் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. தொய்வு, ஆடும் பல், முன்னர் மருந்து ஒவ்வாமற் போனது, வெற்றிலை, கள்ளு, புகை ஆகிய எதையும் மயக்க மருந்து வைத்தியரிடம் ஒளித்தலாகாது. பாவம் பசிக்குமே என்று மறைவாகக் கொடுக்கும் பால்தேநீர் தண்ணீரன்று. அது உணவுக் கணக்கிலேயே சேரும்.